தறியின் வால்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அழவில்லை.

அன்றைக்கு நான் அழுதேன் என்று எங்கள் தெருவே சொல்லிக்கொண்டு திரிகிறது. என் தம்பி கிரண் வேறு, யார் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கி, கண்ணைக் கசக்கி, "அக்கா இப்டிதான் அழுதுச்சு" என்று நடித்துக் காட்டுகிறான். அவனுக்கு ஐந்து வயது. அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் என் முதுகுதான் தெரியும். முதுகு எங்கேயாவது அழுமா?

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் பெயர் தெய்வநாயகி. ஆரணியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வகுப்பிலேயே நீளமான பெயர் என்னுடையதுதான். டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் நான் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லி உட்கார்ந்தும்விடுவேன். வீட்டில் எல்லாருக்கும் நான் நாயகி.

எல்லாம் வெள்ளிக்கிழமை தமிழ் வகுப்பில் ஆரம்பித்தது. விருத்தாம்பாள் டீச்சர் கரும்பலகையில் 'விலைமதிப்பற்ற' என்று பெரிதாக எழுதினார். எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஈடாகாத பொருளை இப்படிச் சொல்வோம் என்றார். அதற்குக் கீழே 'அரிய', 'ஈடு இணையற்ற', 'பொக்கிஷம்' என்று எழுதினார். திங்கட்கிழமை வரும்போது ஆளுக்கு ஒரு பொருளை நினைத்துக்கொண்டு, அதைச் சொல்வதற்கு ஒரு சொல்லும் கொண்டுவர வேண்டுமாம். பலகையில் இருப்பதையே திருப்பி எழுதினால் மதிப்பெண் கிடையாதாம்.

நான் கையைத் தூக்கினேன். எங்கள் அப்பாவால் ஃபிரிட்ஜ் வாங்க முடியவில்லை, அப்படியென்றால் ஃபிரிட்ஜ் விலைமதிப்பற்றதா என்று கேட்டேன். சந்தேகம் வந்தது, கேட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. உனக்கு வாய் ஜாஸ்தி, உட்காரு என்றார்.

அந்த நேரம் பார்த்து முதல் பெஞ்சு அன்பரசு, மேசைமேல் இருந்த டீச்சரின் பச்சைப் பேனாவை எடுக்கப் போனான்.

"தொடாதே" என்றார் டீச்சர், பலகையிலிருந்து திரும்பாமலே.

அவன் கையைச் சுட்டுக்கொண்டவன்போல இழுத்துக்கொண்டான். அந்தப் பேனாவால் டீச்சர் எழுதி நாங்கள் பார்த்ததே இல்லை. எங்களுக்குச் சரி, தப்புப் போடுவதெல்லாம் சிவப்புப் பேனா. பச்சைப் பேனா சும்மா மேசைமேல் படுத்திருக்கும். மணி அடித்ததும் அவருடைய கைப்பைக்குள் போய்விடும்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். எங்கள் வீட்டில் பாதி எங்களுக்கு, பாதி தறிக்கு. பெரிய பாதி தறிக்குத்தான். தறிக்குக் கீழே ஒரு குழி இருக்கும். அப்பா அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதித்து, பட்டுச் சேலை நெய்வார்.

அந்த வாரம்தான் ஒரு பாவு முடிந்திருந்தது. சேலையில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குத்தான் பாவு என்று பெயர். கடைசிச் சேலையை அறுத்து முதலாளி வீட்டில் கொடுத்தாயிற்று. ஆனால் தறியிலிருந்து எல்லா நூலையும் எடுத்துவிட மாட்டார்கள். கடைசிக் கொஞ்சத்தை அப்படியே விட்டுவைப்பார்கள். அது தறியின் பின்பக்கம் கொத்துக்கொத்தாக முடிச்சுப் போட்டுத் தொங்கும். எங்கள் வீட்டில் அதை வால் என்போம்.

பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. சொல்லப்போனால் எண்ணெய் வைக்காத தலைமுடி மாதிரி இருக்கும். ஆனால் அந்த வாலில் உள்ள ஒவ்வோர் இழையும் தறிக்குள் அதற்கென்று இருக்கிற கண்ணி என்னும் நூல் வளையத்துக்குள் புகுந்து, அதற்கென்று இருக்கிற சீப்புப் பல் நடுவே புகுந்து வந்து நிற்கிறது. புதுப் பாவு வந்ததும் அதன் இழைகளை வாலின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். பிறகு மெதுவாக இழுத்தால் பழைய இழை முன்னால் போக, புது இழை அதன் பின்னாலேயே சரியான வழியில் வந்துவிடும்.

வால் இல்லாமல் போனால்? ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். எது எந்தக் கண்ணி, எது எந்தப் பல் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். அதுவரைக்கும் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் எங்கள் வீட்டில் எதுவுமே ஓடாது.

நான் அம்மா வயிற்றில் இருந்தபோது அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து அப்படிக் கோத்தார்களாம். அதற்கப்புறம் அந்த வழி அறுந்ததே இல்லை. ஒரு பாவின் வாலில் அடுத்த பாவு, அதன் வாலில் அதற்கடுத்தது என்று வந்துகொண்டே இருக்கிறது.

அதனால் வாலை யாரும் தொடக் கூடாது. கிரண் முதன்முதலில் பேசிய சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. 'தொதாதே'தான். தவழ்ந்து தவழ்ந்து தறிக்குப் பக்கத்தில் போவான். தனக்குத்தானே "தொதாதே" என்று சொல்லிக்கொள்வான். அப்புறம் தொடுவான். அடி வாங்குவான்.

சனிக்கிழமை காலை அப்பா களம்பூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். பாவு பிணைக்கிற கன்னியம்மா அக்காவின் ஊர் களம்பூருக்கு அந்தப் பக்கம். அவரை நேரில் போய்க் கூப்பிட்டால்தான் வருவார். அன்றைக்கே முதலாளியின் மகன், சின்ன முதலாளி ஹேமநாத்தும் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவர் வேலூரில் புதிதாகச் சேலைக்கடை திறக்கிறார். கடைக்குக் காலண்டர் போட வேண்டும். அதற்குத் தறி இருக்கிற வீட்டில் போட்டோ பிடிக்க வேண்டும். வரும்போது எங்களுக்குப் புதுப் பாவையும் கொண்டுவருவார்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"நாயகி, சின்ன மொதலாளி இன்னா கேட்டாலும் எடுத்துக் குடு. எதுத்துப் பேசாதே. ஒன் வாயி எனக்குத் தெரியும்."

சரி என்று தலையாட்டினேன். அப்பா முதலாளி வீட்டில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு "சரிங்க" என்பார். அவ்வளவுதான். நூல், சரிகை, வேலை எல்லாம் அவர்கள் கொடுத்தால்தான் உண்டு.

வேன் வந்தது. தெருப்பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். போட்டோகிராபர் வேணுகோபால் சார் ஒரு வெள்ளைக் குடையை வீட்டுக்குள்ளேயே விரித்து வைத்தார். கிரண் மேலே நிமிர்ந்து ஓட்டைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் மழை வருமா என்று கேட்டான். அது வெளிச்சத்துக்கான குடை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனிதர்தான். மூன்று கால் வைத்த ஸ்டாண்டில் தன் கேமராவை ஏற்றும்போது மட்டும் அவர் மூச்சுகூட விடவில்லை.

அம்மா வந்தவர்களுக்குக் குடிக்கக் கலரும் தின்ன முறுக்கும் வாங்கிவரக் கடைக்கு ஓடினார். முறுக்கு ஏற்கெனவே வீட்டில் கொஞ்சம் இருந்தது. அதில் ஒன்று என் கையில் இருந்தது. இந்த முறுக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சேலை கட்டிக் காலண்டர் போட்டோவுக்கு நிற்கச் சென்னையிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். பெயர் சுபலட்சுமி. கத்தரிப்பூ நிறத்தில் பட்டுச் சேலை கட்டியிருந்தார். பாவம், உட்காரக் கூடாது, சாயக் கூடாது, சேலை கசங்கிவிடும். முறுக்கு நீட்டினேன், அதுவும் கூடாதாம். பக்கத்தில் போய்ப் பார்த்தால், முந்தானைக்கு உள்பக்கம் ஒரு சீட்டு தொங்கியது. கடையின் விலைச் சீட்டு. படம் பிடித்து முடிந்ததும் சேலை கடைக்கே திரும்பப் போக வேண்டும், அதனால் சீட்டைக் கிழிக்கக் கூடாது என்று அக்கா என் காதில் சொன்னார்.

சின்ன முதலாளி இதையெல்லாம் கவனிக்கவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். காலண்டரில் சேலைக்கு மேலே அச்சடிக்க வேண்டிய சொல். "விலைமதிப்பற்ற பட்டு" என்பார். ம்ஹூம் என்பார். "ஈடு இணையற்ற பட்டு" என்பார். எல்லாக் கடைக்காரனும் போட்டுவிட்டான் என்று சலித்துக்கொள்வார். எங்கள் டீச்சர் அவருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று என்னிடம் திரும்பினார். "ஏம்மா, ஸ்கூல்ல படிக்கிறே இல்ல? வெலையே சொல்ல முடியாத பொருளுக்கு நீங்க இன்னா சொல்லுவீங்க?"

எதிர்த்துப் பேசாதே என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். கேட்டதற்குப் பதில் சொல்லாதே என்று சொல்லவில்லை.

"அந்த அக்கா சேலையில வெல போட்டுதானே அண்ணா இருக்குது. சீட்டு தொங்குதே."

அக்கா சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சின்ன முதலாளி என்னை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் வேணுகோபால் சார் கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் அருமையாக இருக்கிறது, கண்ணாடி ஓடு வழியாகப் பால் மாதிரி இறங்குகிறது என்றார். அப்புறம் முகம் சுளித்தார்.

"இன்னா இது, பின்னாடி பேஜாரா தொங்கிகினு இருக்குது? தொடப்பம் மாதிரி. அத எடுத்துடுங்க."

வால். வாலைத்தான் சொன்னார்.

நான் ஓடிப்போய் அதன்மேல் படாமல் ஒரு வேட்டியை மறைப்பாகக் கட்டினேன். கொடியில் துணி காயப்போட்ட மாதிரி இருக்கிறது என்றார். தறியின் முன்பக்கத்திலிருந்து பிடிக்கலாமே என்றேன். அங்கே வெளிச்சம் இல்லையாம். சின்ன முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. தறிப்பலகைமேல் அப்பாவின் கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்.

"நாலு வெட்டு வெட்டுனா ஆச்சு. ஜல்தி முடிப்போம்."

நான் நடுவில் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது.

"தொடாதீங்கண்ணா."

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. சேலை எல்லாம் அறுத்துக் கொடுத்தாயிற்றே, மிச்சம் இருப்பது வேஸ்ட் நூல்தானே என்றார். அவர் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். மடித்து வைத்த சேலையைத் தெரியும், தறியில் இருக்கும் சேலையைத் தெரியாது. நான் சொன்னேன். கண்ணி, பல், பிணைப்பு, இழுப்பு எல்லாம் சொன்னேன். அவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சரி, சரி. கடையில வேற நூல் குடுக்கச் சொல்றேன்."

"நூல் குடுப்பீங்க. அது போற வழிய எப்படிக் குடுப்பீங்க?"

"இதோ பாரு. இதுக்கு இன்னா வெல? சொல்லு, குடுத்துட்டுப் போறேன்."

"வெல சொன்னா வெட்டுவீங்க. சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டேன். அப்பா காலையில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வந்து என்ன செய்வது? அப்பா சொன்னதைக் கேட்டால் அப்பாவின் தறி போய்விடும். நான் தறிக்கு அடியில் புகுந்து பின்பக்கம் போய், வாலைச் சுற்றிக் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நானும் அதைத் தொடவில்லை. முறுக்கு எண்ணெய் கையில் இருந்தது.

அந்த நேரம் அம்மா கலர் பாட்டில்களோடு உள்ளே வந்தார். முதலாளி வீட்டு ஆட்கள் முன்னால் அம்மாவுக்குக் குரல் பாதியாகிவிடும். அந்தப் பாதிக் குரலில் என்னை அதட்டி, கையைப் பிடித்து இழுத்தார். எழுந்து வா, மானத்தை வாங்காதே என்றார்.

சின்ன முதலாளியின் கையைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். கத்தரிக்கோலைப் பார்த்தார். அப்புறம் வாலைப் பார்த்தார்.

என் கையை விட்டுவிட்டார். பாட்டில்களைச் சுவரோரமாக வைத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எங்கள் அம்மாவை அவ்வளவு பிடித்தது.

இப்போது சின்ன முதலாளிக்கு நிஜமாகவே கோபம் வந்தது. முகம் சிவந்துவிட்டது.

"ஒங்கப்பன் பரசுராமன் வரட்டும். புதுப் பாவு வேன்லதான் இருக்குது. அத வேற வீட்டுத் தறிக்குக் குடுக்க எங்களுக்குத் தெரியாதா?"

அம்மாவின் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. வாலைக் காப்பாற்றினால் பாவு போய்விடும். பாவு வேண்டுமென்றால் வால் போய்விடும். இது என்ன நியாயம்? அந்த நேரத்தில்தான் அந்த வெள்ளைக் குடை வெளிச்சம் 'பளிச்' என்று என் முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வெளிச்சம் அடித்தால் யாருக்கும் வரும். அதைத்தான் அழுகை என்கிறார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எனக்கு நேர் எதிரே, மூன்று கால் ஸ்டாண்டின்மேல், கேமராவின் கண்ணாடிக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். நேராக நடந்தேன். முறுக்கு எண்ணெய் மினுமினுக்கும் என் ஆள்காட்டி விரலை அந்தக் கண்ணாடியை நோக்கி நீட்டினேன்.

"ஏய், தொடாதே!"

வேணுகோபால் சார் போட்ட சத்தத்தில் கிரண் கீழே உட்கார்ந்துவிட்டான். நான் விரலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டேன்.

"ஏன் சார்?"

"அது லென்ஸும்மா. வெரல் படக் கூடாது."

"வேற வாங்கிக்கலாம் சார். அண்ணா குடுப்பாரு. வெல இன்னா, சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். விலை அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் சொல்லவில்லை. கேமராவின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார், நான் வாலைச் சுற்றிக் கையை விரித்த மாதிரியே.

"வெல கெடக்குதும்மா. நீ கைய எடு."

"அதையேதான் சார் நானும் அப்பலேர்ந்து சொல்லிகினு இருக்கேன்."

முதலில் சிரித்தது சுபலட்சுமி அக்கா. சேலை கசங்குமே என்றுகூடப் பார்க்காமல் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். வேணுகோபால் சார் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் தொங்கிய வாலைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு சின்ன முதலாளியின் கையிலிருந்து கத்தரிக்கோலை மெதுவாக வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"வாசல்லயே எடுத்துடலாம் சார். இங்க வெளிச்சம் பத்தாது."

பால் மாதிரி இறங்குகிறது என்று சொன்ன அதே வெளிச்சம்தான். நான் வாயைத் திறக்கவில்லை. சில நேரம் எனக்கும் அது முடியும்.

குடை, ஸ்டாண்டு எல்லாம் வாசலுக்குப் போயின. சின்ன முதலாளி மட்டும் உர்ரென்று வேன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வேனுக்குள்ளே புதுப் பாவு, வெள்ளைத் துணியில் சுற்றி, குழந்தை மாதிரி பின் இருக்கையில் படுத்திருந்தது. அதை இறக்கச் சொல்லி அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா கன்னியம்மா அக்காவோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். வாசலை மிதிப்பதற்கு முன்பே சின்ன முதலாளி ஆரம்பித்துவிட்டார். உங்கள் பெண்ணுக்கு வாய் நீளம், முதலாளி என்றும் பார்க்கவில்லை, எல்லார் முன்னாலும் அவமானம் என்று எல்லாம் சொன்னார். கத்தரிக்கோலைப் பற்றியும் அவரே சொன்னார். அந்த மட்டில் நேர்மையான ஆள்தான்.

அப்பா வழக்கம்போலத் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரியும், அடுத்தது "சரிங்க". அதற்கப்புறம் எனக்கு அடி.

ஆனால் அப்பா உள்ளே போனார். தறியின் பின்பக்கம் குனிந்து வாலை ஒரு கொத்து விடாமல் பார்த்தார். அவரும் தொடவில்லை. திரும்பி வெளியே வந்தார். கையில் இருந்த துண்டை எடுத்துத் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"சின்ன மொதலாளி, சேல ஒங்குளுது. நூலு ஒங்குளுது. சரிகையும் ஒங்குளுது. அந்த வாலு எங்குளுதுங்க. அது மேல கை வெக்க வேணாம். எம் பொண்ணு சொன்னது சரிதான்."

அப்பா முதலாளி வீட்டு ஆட்களிடம் இவ்வளவு நீளமாகப் பேசி எங்கள் தெரு கேட்டதே இல்லை. கன்னியம்மா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சின்ன முதலாளி வேன் கதவில் கையை வைத்தார். ஏறிவிடுவார் போல இருந்தது. ஏறினால் பாவும் போய்விடும்.

அப்போது கதவு வழியாக உள்ளே பார்த்தார். கிரண் சத்தமில்லாமல் மறுபக்கமாக வேனுக்குள் ஏறியிருந்தான். வெள்ளைத் துணியை விலக்கி, பளபளக்கும் புதுப் பாவை நோக்கி, மண்ணும் முறுக்குமாக இருந்த கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், தொடாதே!" என்று கத்தினார் சின்ன முதலாளி.

கிரணின் கை நின்றது. எல்லாம் நின்றது. சின்ன முதலாளி தன் வாயிலிருந்து வந்த சொல்லைத் தானே கேட்டவர்போல நின்றார்.

சுபலட்சுமி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தேன். கிரண் மட்டும் பெருமையாக, "நான் இன்னும் தொடலியே" என்றான்.

சின்ன முதலாளிக்கு முதலில் ஒரு பக்க உதடுதான் அசைந்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துவிட்டார். பிறகு குனிந்து, பாவை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கி வந்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

"தீபாவளிக்கு மொதச் சேல கைக்கு வந்துடணும்" என்றார், மறுபடி உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு.

"வந்துடுங்க" என்றார் அப்பா.

வேனில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, காலண்டருக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை, உனக்கு ஏதாவது தோன்றினால் அப்பாவிடம் சொல்லியனுப்பு என்றார். எனக்கு அப்போதே தோன்றியிருந்தது. ஆனால் அது விலைச் சீட்டு தொங்கும் சேலைக்குப் பொருந்தாது. அதனால் கொடுக்கவில்லை.

கன்னியம்மா அக்கா, இழை வழுக்காமல் இருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு தறிக்குப் பின்னால் உட்கார்ந்தார். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று, சேர்த்து ஒரு திருகு. மறுபடி பழையது ஒன்று, புதியது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா முன்பக்கத்திலிருந்து இழுக்க, பச்சை நிறப் புதுப் பாவு பழைய அரக்கு வாலின் பின்னாலேயே ஒவ்வொரு கண்ணியாக நுழைந்து வந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எதிர்த்துப் பேசியதற்கு அடி விழவில்லை. ராத்திரி எனக்கு மட்டும் இரண்டு அப்பளம்.

திங்கட்கிழமை விருத்தாம்பாள் டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். ஒருத்தி 'மாணிக்கம்' என்றாள். ஒருவன் 'உயிருக்குச் சமம்' என்றான். அன்பரசு 'கோடி ரூபாய்' என்று சொல்லி, அது விலைதானே என்று டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். என் முறை வந்தது.

"பொருள், எங்கள் தறியின் வால். சொல், தொடாதே" என்றேன்.

வகுப்பு சிரித்தது. இவர்களுக்கு நான் வாயைத் திறந்தாலே சிரிப்புத்தான். டீச்சர் கையைக் காட்டி அடக்கினார். பொருளைப் புகழ்ந்து சொல்லும் சொல்லைத்தான் கேட்டேன், இது அப்படிப்பட்ட சொல் இல்லையே, அழித்துவிட்டு வேறு எழுது என்றார்.

"அழிக்க மாட்டேன் டீச்சர்."

வகுப்பு இப்போது சிரிக்கவில்லை. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை. ஆனாலும் நான் உட்காரவில்லை.

"சும்மா புகழணும்னா எந்தச் சொல்ல வேணும்னாலும் போட்டுக்கலாம் டீச்சர். கடைக்காரங்க சேலைக்குக்கூடப் போடறாங்க. நெஜமாவே வெல இல்லாத பொருளுக்கு எல்லாரும் தொடாதேன்னுதான் சொல்றாங்க. போட்டோகிராபர் சொன்னாரு. சின்ன மொதலாளி சொன்னாரு." கொஞ்சம் யோசித்தேன். பிறகு அதையும் சொல்லிவிட்டேன். "வெள்ளிக்கிழமை நீங்களும் சொன்னீங்க."

டீச்சரின் கண் மேசைமேல் போனது. பச்சைப் பேனா அங்கேதான் படுத்திருந்தது.

வெளியே யாரோ தறி மிதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு என் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். சிவப்புப் பேனாவை எடுத்தார். என்ன நினைத்தாரோ, அதைக் கீழே வைத்துவிட்டுப் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தார். 'தொடாதே' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டார்.

மை அவ்வளவு அழகான பச்சை. உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. என்னை அறியாமல் என் விரல் அந்தப் பேனாவின் பக்கம் போனது.

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"தெரியும் டீச்சர்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.